பைக்குள் என் நீலப் புடவை

ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு எங்கள் வீட்டிலிருந்து நாலு நிமிட நடை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த நாலு நிமிடத்தையும் நான் முணுமுணுத்துக்கொண்டேதான் நடப்பேன். தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் மெஷின்மேல் கிடக்கும். ஊறவைத்த அரிசி அரைக்காமல் கிடக்கும். என் வீட்டுக்காரர் கம்பெனி ஷிப்ட் முடித்து வந்து தானே சோறு போட்டுக்கொண்டு சாப்பிடுவார். இதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு நான் முன்னால் நடக்க, அவள் பின்னால் வருவாள். ஒரு வார்த்தை பதில் பேச மாட்டாள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் நான் பெற்ற பெண் இல்லை. வீட்டில் வைத்து வளர்க்க ஆள் இல்லாத பிள்ளைகளை வேறொரு குடும்பத்தில் வளர விடுகிற அரசாங்க ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தத்து இல்லை. பெயர் மாறாது, பதினெட்டு வயதுவரை நம் வீட்டில் இருக்கும், அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் நாற்பத்தைந்து வயதில் எழுதிக் கொடுத்தோம். வந்து வீட்டைப் பார்த்தார்கள், கக்கூஸைப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். என் வாயைப் பற்றி எதிர்வீட்டுக்காரி என்ன சொன்னாளோ, எப்படியோ பாஸாகிவிட்டோம். பன்னிரண்டு வயதில் ஒரு துணிப்பையோடு வந்தாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். இன்றைக்கும் ஆன்ட்டிதான்.

அம்மா என்று கூப்பிட அவளுக்கு வேறொருத்தி இருந்தாள். அந்த வேறொருத்தியும் பெற்றவள் இல்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனா ஆந்திரா பக்கம் படகு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம், சுற்றிலும் தண்ணீர் இருக்கிற ஒரு குப்பத்தில், பக்கத்துக் குடிசைக்காரிதான் இந்தப் பிள்ளைக்கு நாலு வருடம் சோறு போட்டிருக்கிறாள். அவளுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அடியிலிருக்கும் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் பின்னிய கூடை ஒன்று வைத்திருப்பாள். பறி என்பார்கள். அதைப் பல்லில் கடித்துக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரில் நடப்பாள்.

அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. ஒண்டிக்கட்டை, சொந்தமும் இல்லை, அதனால் பிள்ளையை அவளிடம் விட முடியாது என்று குழந்தைகள் நலக் குழுவில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பிள்ளை அழுத அழுகையைப் பார்த்து, மாதம் இரண்டு முறை போய்ப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டியது என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் ஒரு படிவத்தில் அந்தப் பொம்பளையின் கைரேகை வாங்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால், தொடர்பு விட்டுப்போனதாக எடுத்துக்கொண்டு அனுமதியை நிறுத்திவிடலாம். அந்தத் தாளின் நகலை எங்கள் பெண் தன் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே போய் நின்றால் ஏரி கண்ணெதிரே கிடக்கும். ஆனால் அந்தக் குப்பத்துக்கு இங்கிருந்து படகு கிடையாது. ரயில் ஏறி எளாவூர், கும்மிடிப்பூண்டி எல்லாம் தாண்டிப் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு போய், துறையில் குப்பத்துப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் தெரிகிற தண்ணீரைச் சுற்றிக்கொண்டு அரை நாள் பயணம். ரயிலில் உட்காரும்போதே எனக்கு அடைபட்ட மாதிரி இருக்கும். இறங்கவும் முடியாது, வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

அங்கே போனால் என்ன நடக்கும் என்று கேட்டால், ஒன்றும் நடக்காது. அந்தப் பொம்பளை இவளுக்கு ஈர் பார்ப்பாள். வறுத்த இறாலை ஓடு நீக்கி ஒவ்வொன்றாக வாயில் போடுவாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு இன்னா ஊட்டல் வேண்டிக் கிடக்கிறது என்று நான் ஒரு ஓரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் மடியில் தலை வைத்து இவள் தூங்கிப்போவாள். வாய் பிளந்து, எச்சில் ஒழுக, அப்படி ஒரு தூக்கம். என் வீட்டில் பாயும் தலையணையும் மின்விசிறியும் இருக்கிறது. இரண்டு வருடத்தில் ஒரு நாள் பகலில் கண் அசந்தவள் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, எரியத்தான் எரிந்தது.

போன வருடம் வைகாசியில்தான் முதல்முறையாக ஒரு சந்திப்பு தவறியது. அது என் தப்பு இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாள், ஏரியில் யாரும் படகு எடுக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தவறியது பாதி என் தப்பு. கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் நிஜமாகவே இருந்தன. ஆனால் நினைத்திருந்தால் வெள்ளிக்கிழமையே முடித்திருக்கலாம். அவள் வந்து மெஷின் பக்கத்தில் நின்று, நாளைக்குப் போறோமா ஆன்ட்டி என்று கேட்டாள். பார்க்கிறாய் இல்லையா, எத்தனை கிடக்கிறது என்று சிடுசிடுத்தேன். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கொக்கி தைத்துக் கொடுத்தாள்.

மூன்றாவது, ஆனி மாதத்துச் சனிக்கிழமை. இது தவறினால் மூன்றாகும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலை ஆறு மணி வாக்கில் மீன்காரம்மா வாசலில் வந்து கூடையை இறக்கினாள். ஐஸ் மீன்தான் இருக்கிறது என்றாள். ஏன் என்று கேட்டேன். பழவேற்காட்டு ஏலக்காரன் போனில் சொன்னானாம். எங்கள் பெண்ணின் குப்பத்துப் பேரைச் சொல்லி, அங்கே பெரிய தலைக்கட்டுக் குடும்பத்தில் ஒரு சாவு, நேற்று ராத்திரியே போய்விட்டது, மகன் வெளியூரிலிருந்து வந்து அடக்கம் முடிகிறவரை ஒரு படகும் நகராது என்றாள். அந்தக் கரையில் இது எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. ஊரில் பிணம் கிடக்கும்போது யாரும் தொழிலுக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது. படகை அவிழ்த்தால் ஊர்க் கூட்டத்தில் நிற்க வேண்டும். மீன்காரம்மாவுக்குத் தொண்டை பெரிது. மெதுவாப் பேசுமா, பொண்ணு தூங்குது என்றேன். அவள் தூங்கவில்லை, பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

மீன்காரம்மா போன பிறகு நான் அடுப்படியில் நின்று யோசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இன்றைக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னால் பழி என்மேல் வரும். கிளம்பிப் போய், துறையில் நின்று, படகு இல்லை என்று அவளே கண்ணால் பார்த்துத் திரும்பினால் பழி சாவின்மேல் போகும். குழுவுக்கும் அப்படியே சொல்லலாம். நான் கூட்டிக்கொண்டு போனேன், அந்தப் பக்கத்திலிருந்துதான் வரவில்லை. அதற்கு மேல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதை நான் என்னவோ மனசு குழம்பிச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். குழம்பவில்லை. தெளிவாகச் செய்தேன். சீக்கிரம் தலை வாரு, ரயில் போய்விடும் என்று குரல் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் முணுமுணுக்கவில்லை. ரயிலில் அவளுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டுக் கொடுத்தேன். அவள் வழக்கமான பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பை கொஞ்சம் புடைத்திருந்தது. வீட்டுப்பாடமா என்று கேட்டேன். ஆமா என்றாள்.

துறையில் கூட்டமே இல்லை. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், இன்னாமா, சேதி தெரியாதா, அங்க சாவு என்றார். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போன ஒரே படகும் அந்தக் கரையில் கட்டியாகிவிட்டது, சாயங்காலம்தான் திரும்பும் என்றார். நான் நெஞ்சில் கையை வைத்து, ஐயோ, சாவா என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

சாயங்காலம்வரை இருக்க முடியாது. பொழுது சாய்வதற்குள் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருந்தது. அதையும் நானே எடுத்துச் சொன்னேன். என்ன பண்றது, நம்ம நேரம், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் வா என்றேன். என் குரல் அத்தனை அன்பாக இருந்தது, எனக்கே கேட்கக் கூசியது. அவள் போய்க் கரைக்கல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருக்கலாம் ஆன்ட்டி என்றாள். வெயில் கொளுத்தியது. நான் கடையின் நிழலில் நின்று இரண்டு டீ குடித்தேன். அவள் அந்தக் குப்பத்துத் திசையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ஆனி மாதம் ஏரி வற்றிக் கிடக்கும். நிறைய இடங்களில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் இருக்காது. படகு ஓடுகிற ஓடை மட்டும் ஆழம், இழுப்பும் உண்டு. முதலில் நான் அதைக் கொக்கு என்று நினைத்தேன். டீக்கடைக்காரர்தான் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, யாரோ நடந்து வருது என்றார்.

அந்தப் பொம்பளைதான், நடந்தே வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தலையும் தோளும் தெரிந்தது. காலால் தரை பார்த்துப் பார்த்து, நேராக வராமல் சுற்றிச் சுற்றி வந்தாள். தினமும் அந்தச் சேற்றில் நடக்கிறவளுக்கு எங்கே கால் நிற்கும் என்று தெரியும். ஆனால் ஓடையை என்ன செய்வாள்? கையை ஆட்டி, போ, திரும்பிப் போ என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்த வாய் வரவில்லை. இவ்வளவு தூரத்துக்கு இழுத்துவிட்டவள் நான். காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், குழுவுக்கு ஒரு போன் போட்டு வேறு நாள் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் கொடுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது எதைச் சொன்னாலும் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டிவரும்.

ஓடைக்கு வந்ததும் கழுத்துவரை இறங்கினாள். பிறகு தலையும் இல்லை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளை கல்லைவிட்டு எழுந்து நின்றாள், கத்தவில்லை, பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செருப்பை எப்போது கழற்றினேன் என்றும் தெரியாது, முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கடவுளே, கடவுளே என்று வாய்க்குள் அடித்துக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி அந்தத் தலை மேலே வந்தது. இருமிக்கொண்டே வந்தாள். அப்புறம் தோள், இடுப்பு.

கரை ஏறியதும் முதலில் பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் அவள் என்னிடம் நேரடியாகப் பேசியது குறைவு.

"சாவுனு தெரிஞ்சா கெளம்பமாட்டீங்கனு நெனச்சேன்மா. தெரியாமயே வந்துட்டீங்க போல. அதுவும் நல்லதாப் போச்சு, இல்லன்னா மூணாயிருக்கும்."

நான் குனிந்து செருப்பைத் தேடினேன். டீக்கடைக்காரர்தான், ஊரில் கேட்கமாட்டாங்களா, பொணம் கெடக்கறப்ப தண்ணில எறங்கிட்டியே என்றார். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "பறி எடுக்கலையே. வெறுங்கையோட வந்தேன். தொழிலுக்கு எறங்கலனு எல்லாரும் பார்த்தாங்க."

இந்தக் கணக்கைப் போட அவளுக்குத்தான் தெரியும். கட்டுப்பாடு தொழிலுக்குத்தான், பறி இல்லாதவள் தொழிலுக்குப் போகிறவள் இல்லை. கூட்டத்தில் ஒத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, அந்த பயமும் அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் இறங்கிவிட்டாள்.

புடவை உடம்போடு ஒட்டிச் சேறு வடிந்தது. நடுங்கினாள். அப்போதுதான் இவள் பள்ளிக்கூடப் பையைத் திறந்தாள். ஒரு துண்டு எடுத்தாள். உள்பாவாடை எடுத்தாள். அதற்கடியிலிருந்து என் நீலப் புடவையை எடுத்தாள்.

என் புடவை. பீரோவில் இரண்டாம் தட்டில் இருப்பது. ஓரத்தில் நான் போட்ட பிக்கோ அடித்தையல் எனக்குத் தெரியாதா? கூடவே என் ஜாக்கெட் ஒன்றும் இருந்தது, அந்தப் பொம்பளையின் உடம்புக்குத் தகுந்தபடி பக்கத் தையலைப் பிரித்து விட்டிருந்தது. ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில், நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்திருக்கிறாள். என் போனிலிருந்தே குப்பத்துக்குப் பேசியும் இருக்கிறாள், ஆன்ட்டிக்குச் சேதி தெரியாது, கிளம்பி வருகிறோம் என்று. பேசினதை அப்புறம் நான் போனில் பார்த்தேன், நடந்தே வருகிறேன் என்று அந்தப் பொம்பளை சொன்னதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பொம்பளை துணி மாற்ற வலைக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. வெட்கத்தில் வருகிற கோபம் இருக்கிறதே, அது சும்மா விடாது. என் புடவையைக் கேட்காமல் எடுத்தியா என்று கேட்டேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியா அது?

"கேட்டா குடுத்திருப்பீங்க ஆன்ட்டி. இன்னாத்துக்குனு கேப்பீங்க இல்ல?"

குரலில் குத்தல் இல்லை. உண்மையைச் சொன்னாள். புடவை எதற்கு என்று நான் கேட்டிருந்தால், அம்மா நனைந்து வரும் என்று சொல்ல வேண்டும். ஏன் நனைந்து வரும் என்றால், மீன்காரம்மா சொன்னதைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்போது நான் மறைத்தது வெளியே வந்துவிடும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவளால் ஒரு புடவை கேட்க முடியவில்லை.

தெரிந்தும் ஏன் என்னிடம் சண்டை போடவில்லை என்று கேட்டேன். அவள் கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"உங்கள உட்டா யாரு ஆன்ட்டி என்னைக் கூட்டினு வருவாங்க?"

அன்றைக்குக் கொட்டகை நிழலில் அந்தப் பொம்பளை என் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் இவள் தூங்கினாள். வறுத்த இறால் இல்லை, என்னிடம் மிச்சமிருந்த வேர்க்கடலைதான். அதில் பாதியை அந்தப் பொம்பளை எனக்கே நீட்டினாள். நான் படிவத்தை எடுத்தேன். தேதி, நேரம், கைரேகை எல்லாம் ஆனது. கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், சந்திப்புக்குத் தடை ஏதும் இருந்ததா என்று. நான் எப்போதும் இல்லை என்று போட்டுவிடுவேன். அன்றைக்கு அப்படிப் போடவில்லை. சாவு நடந்ததால் படகு இல்லை, காலையிலேயே எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்று எழுதினேன். அதற்காகக் கூப்பிட்டார்கள், போனேன், நிறையத் திட்டு வாங்கினேன். பிள்ளையை அழைத்துக்கொள்வார்களோ என்று ஒரு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவள் என் வீட்டிலேயே இருக்கிறாள், சந்திப்பும் நடக்கிறது.

அந்தப் பொம்பளை பொழுது சாய்ந்த பிறகு, அடக்கம் முடிந்து வந்த படகில் திரும்பியிருக்கிறாள். ஊர்க் கூட்டத்தில் நிறுத்தினார்கள். பறி எடுக்கவில்லை என்பதை ஒத்துக்கொண்டார்கள், ஆனாலும் பதினைந்து நாள் ஏரியில் இறங்கக் கூடாது என்றார்களாம். என் புடவையைத் துவைத்து மடித்து அடுத்த தடவை கொடுத்தாள். நீயே வச்சுக்கம்மா என்றேன்.

அதற்கப்புறம் நான் ஒன்று செய்தேன். மீன்காரம்மா, டீக்கடைக்காரர், குப்பத்துப் படகுக்காரர் மூன்று பேரின் போன் நம்பரையும் எங்கள் பெண்ணின் நோட்டில் எழுதிக் கொடுத்து, ஒரு பழைய போனையும் கையில் கொடுத்தேன். சாவோ ராக்கெட்டோ புயலோ, சேதி இப்போது முதலில் அவளுக்குத்தான் வருகிறது. எனக்கு அவள்தான் சொல்கிறாள். ஒரு சந்திப்பும் தவறவில்லை. ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டுதான் நடக்கிறேன், அல்லது மூடப் பார்க்கிறேன்.

ஆனாலும் ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தின வெள்ளிக்கிழமை அவள் மெஷின் பக்கத்தில் வந்து நிற்கிறாள். கொக்கி ஏதாவது தைக்கணுமா என்று முதலில் கேட்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன். அப்புறம்தான், நாளைக்குப் போறோமா ஆன்ட்டி என்று கேட்கிறாள், அதே அடங்கிய குரலில். போகாமல் என்னடி என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். நான் மறந்துபோய் ஒரு நாள் சோம்பேறித்தனமாகப் படுத்துக் கிடக்க, அவள் வந்து போர்வையை உருவி, எழுந்திரு, ரயிலுக்கு நேரமாச்சு என்று என்னைத் திட்ட வேண்டும் என்று ஆசை. இன்னும் திட்டவில்லை.